வேலிக்கு வெளியிலை நிண்ட புஷ்பவதி

மஞ்சள் அட்டையை முதலிலை கண்டது நான்தான். புஷ்பவதியின்ர பாத்தி மூலைக் கட்டையிலை நூல் போட்டுக் கட்டிக் கிடந்தது. மொன்றியலிலை, ரொக்ஸ்பரோ ரெயில் பாதைக்குப் பக்கத்திலை இருக்கிற எங்கடை பொதுத் தோட்டத்திலை மஞ்சள் அட்டை எண்டால் என்னெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். புல்லுப் பிடுங்கிப் பாத்தியைத் துப்புரவாக்கு, வாற சனிக்கிழமை கொமிட்டி வந்து பார்க்கும், அப்பவும் இதே கோலமெண்டால் பாத்தியைப் பறிச்சு அடுத்த ஆளுக்குக் குடுத்துப்போடும். அடுத்த ஆளுக்கு என்ன பஞ்சமே? வருசக்கணக்காய் வரிசையிலை நிக்குதுகள். நடைபோற மாதிரி வந்து வேலியாலை எட்டி எட்டிப் பார்க்கிறது எனக்குத் தெரியாதோ? "அந்த மனுசிக்குச் சுகமில்லையோ, பாவம்" எண்டு ஒருத்தி என்னட்டையே கேக்கிறாள். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்.

"உமக்கேன் அந்தக் கவலை" எண்டு தமிழிலையே சொல்லிப்போட்டு வந்திட்டன். விளங்கினால் என்ன, விளங்காட்டி என்ன.

நான் பிலோமினம்மா. பாசையூர்க்காரி, வாய்க்கு வேலி போடத் தெரியாதவள். புஷ்பவதி எனக்குப் பக்கத்துப் பாத்திக்காரி. அதுக்கு முந்தி இருவது வருசத்துக்கு மேலை பிஸ்கற் பக்ரறியிலை பக்கத்திலை நிண்டு பெட்டி அடைச்சவள். நான் கதைச்சுக்கொண்டே இருப்பன், அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளின்ர மனுசன் மாரடைப்பிலை போகேக்கை மோன் வினோஜன் பள்ளிக்கூடப் பெடியன். பகலிலை பிஸ்கற், பின்னேரத்திலை ஒபிஸ் துடைக்கிற வேலை எண்டு நிண்டு அவனை ஆளாக்கினாள். ஒருநாள் "ஏலாது" எண்டு அவள் சொல்லி நான் கேக்கேல்லை. அந்த வாய் அவளுக்கு இல்லை. பிடிவாதம் இருக்கு, அதுவும் சத்தம் போடாத பிடிவாதம். சத்தம் போடுற பிடிவாதத்தோட சண்டை பிடிக்கலாம், இதோட ஒண்டும் செய்யேலாது.

பென்சன் எடுத்த பிறகுதான் ஆள் உடைஞ்சது. பார்க் எக்ஸ்ரென்சனிலை இருந்த வாடகை வீட்டை விட்டிட்டு, மோன் ரொக்ஸ்பரோவிலை வாங்கின வீட்டு பேஸ்மென்ற்றுக்கு வந்தாள். வினோஜன் கூடாத பெடியன் இல்லை. மருமோள் தாட்சாயினியும் ஒருநாளும் முகம் கோணினதில்லை. சமையல் மருமோள், உடுப்புத் தோய்க்க மெசின், பேரப்பிள்ளையளைப் பார்க்க கார்டெறி எண்டு பிள்ளைக் காப்பகம். இவளுக்கு ஒரு வேலையும் இல்லை. நான் போகேக்கையெல்லாம் மடியிலை கையை வைச்சுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பாள். அந்தக் கை சும்மா இருந்து நான் கண்டதேயில்லை. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. நான்தான் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து வரிசையிலை பேர் குடுப்பிச்சன்.

பாத்தி கிடைச்ச அண்டைக்குத் தோட்டத்துப் படலைப் பூட்டின்ர திறப்பைக் கறுத்தக் கயித்திலை கோத்துக் கழுத்திலை போட்டாள். "வீடு மோன்ர பேரிலை, கார் மருமோளின்ர பேரிலை, போன்கூட அவையின்ர பிளானிலைதான் ஓடுது. இந்தத் திறப்பு ஒண்டுதான், பிலோமினா, என்ர பேருக்குத் தந்தவை" எண்டாள். குளிக்கேக்கையும் அதைக் கழட்டுறேல்லை.

அதுக்குப் பிறகு ஆளைப் பார்க்கவேணும். வெளியிலை பனி கொட்டிக்கொண்டு கிடக்கும், இவள் தயிர்க் கோப்பையளிலை விதை போட்டு பேஸ்மென்ற் யன்னலடியிலை அடுக்கி வைச்சிருப்பாள். யூலை முதலாந் திகதி மொன்றியலிலை பாதிச்சனம் வீடு மாறும், வேண்டாத சாமானை றோட்டோரத்திலை எறிஞ்சிட்டுப் போகும். அதுக்குள்ளை ஹொக்கித் தடியளைப் பொறுக்கிச் சேர்த்து, அடுத்த வருசம் அதாலை புடலங்காய்க்குப் பந்தல் போட்டாள். காய் சுருளாமல் நேராய் இறங்கிறதுக்கு நுனியிலை சின்னக் கல்லுக் கட்டித் தொங்கவிடுவாள். வெள்ளைக்காரர் வந்து நிண்டு படம் எடுப்பினம். ஒரு வருசம் பிந்தி விழுந்த குளிரிலை நட்ட கண்டெல்லாம் கருகிச்சுது, இன்னொரு வருசம் கீரிப்பிள்ளை மாதிரிக் கொழுத்த ஒரு சீவன் வேலிக்குக் கீழாலை கிண்டி வந்து பயித்தங்கொடியைத் தறிச்சுது. அதுக்கெல்லாம் அவள் அசையேல்லை. திரும்பப் போட்டாள். பல்லுத் தெரிய அவள் சிரிச்சு நான் கண்டது அந்தப் பந்தலுக்குக் கீழைதான்.

இந்த வருசம் ஆனிக் கடைசியிலை அவளின்ர தம்பி அருமைராசா செத்துப்போனான். ஊரிலை தனிய இருந்தவன். கிணத்தடியிலை விழுந்தவனைத் தூக்க ஒரு ஆள் இல்லை. விடியப்புறம் விழுந்தவனை மத்தியானம் ஆரோ தண்ணிக்கு வந்தாக்கள்தான் கண்டது. அப்ப உயிர் இல்லை. இவளுக்குப் போன மாரியிலை காலிலை இரத்தம் கட்டினதாலை பிளேனிலை ஏறக்கூடாதெண்டு டொக்டர் மறிச்சுப்போட்டார். செத்தவீட்டைப் போனிலைதான் பார்த்தாள். அழேல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"துடக்கு கழியும்மட்டும் தோட்டத்துக்குள்ளை கால் வைக்கமாட்டன்" எண்டாள். "முப்பத்தொரு நாள். செத்தவீட்டுத் துடக்கோட கொடியைத் தொட்டால் பிஞ்சு வெம்பிப்போம்."

நான் சிரிச்சிட்டன். எங்கடை வேதத்திலையும் முப்பத்தோராம் நாள் பூசை இருக்கு. ஆனால் புடலங்காயோட எங்களுக்குக் கோவமில்லை. ரெண்டு நாளிலை மாறுவாள் எண்டுதான் நினைச்சன். மாறேல்லை. இஞ்சை ஒரு மழை, ஒரு வெய்யில் எண்டு மாறி மாறி அடிக்க, புல்லு முழங்கால் மட்டத்துக்கு வந்திட்டுது. கோதாரி விழுந்த சுத்துக்கொடியொண்டு பந்தலிலை ஏறிப் புடலங்கொடியைக் கழுத்தைப் பிடிச்சு நெரிக்கத் தொடங்கிச்சுது. அதுக்குப் பிறகுதான் அந்த மஞ்சள் அட்டை. கொமிட்டி வாற சனிக்கிழமைக்குப் பிறகும் அவளின்ர துடக்கு ஒரு கிழமை மிச்சம் கிடந்தது.

நானே இறங்கிப் புல்லைப் பிடுங்கியிருப்பன். அதுக்கும் சட்டம் விடாது. முந்தி சிலபேர் தங்கடை பேரிலை பாத்தியை எடுத்து வேறை ஆக்களுக்குக் குடுத்தவையாம். அதாலை, பாத்திக்காரர் தோட்டத்துக்குள்ளை இருக்கிற கொட்டிலுக்கு நேரிலை வந்து சொன்னால்தான் இன்னொராள் கை வைக்கலாம். களவாய்ச் செய்தால் ரெண்டு பேரின்ர பாத்தியும் போகும்.

சரி, வாயிருக்கு, வழியிருக்கு எண்டு கொமிட்டித் தலைவியிட்டை, மடம் எண்டு நாங்கள் கூப்பிடுற ஜினெத்திட்டைப் போனன். எனக்குத் தெரிஞ்சது பக்ரறிப் பிரெஞ்சு. அவளின்ர தம்பி செத்துப்போனான், முப்பத்தொரு நாளைக்கு அவள் செடியைத் தொடக்கூடாது எண்டு கையாலையும் காலாலையும் சொன்னன். ஜினெத் நல்ல மனுசி. கேட்டவுடனை கண் கலங்கிப்போச்சு, என்னைக் கட்டிப்பிடிச்சா. "பிலோமேன், அப்பிடியெண்டால் அவ கட்டாயம் வரவேணும். கவலைக்குத் தோட்டத்தை விட்டால் வேறை மருந்து இல்லை. நானும் என்ர தாய் செத்த அடுத்தநாள் வந்து தக்காளி நட்டனான்" எண்டா. நான் தலையை ஆட்டினன், ஆட்டிக்கொண்டு திரும்பவும் முதலிலையிருந்து சொன்னன். திரும்பவும் கட்டிப்பிடிச்சா. "ஒரு வார்த்தை அவவே வந்து சொல்லட்டும். அதுவும் இல்லாட்டி சனிக்கிழமை என்னாலை ஒண்டும் செய்யேலாது, வரிசையிலை நிக்கிறவைக்கு நான் பதில் சொல்லவேணும்" எண்டு முடிச்சிட்டா.

வினோஜனிட்டைச் சொல்லுவம் எண்டால், "அவனுக்குச் சொன்னியெண்டால் உன்னோட கதைக்கமாட்டன்" எண்டு அவள் முதலே சொல்லிப்போட்டாள். சொன்னாலும் அவன் என்ன சொல்லுவான்? "விடுங்கோ அம்மா, கடையிலை புடலங்காய் விக்குதுதானே" எண்டுவான். பெடியனுக்கு அது வெறும் காய்.

பேந்து நான் என்ன செய்தனான் தெரியுமோ? கோயிலுக்குப் போனன். தேவாலயத்துக்கு இல்லை, புஷ்பவதியாக்களின்ர சைவக் கோயிலுக்கு. கழுத்திலை செபமாலையோட படியேறி, ஐயரைக் கண்டுபிடிச்சு, "ஐயா, தம்பி செத்தால் அக்காவுக்கு எத்தினை நாள் துடக்கு?" எண்டு கேட்டன். ஐயர் என்ர செபமாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார், கட்டிக்குடுத்த பொம்பிளைக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு மூண்டு நாள்தானாம். மூண்டே மூண்டு! எனக்கு ஐயரைக் கொஞ்சவேணும் போலை இருந்தது. பஸ்ஸிலை வரேக்கை எனக்குள்ளையே சிரிச்சுக்கொண்டு வந்தன்.

பேஸ்மென்ற் படியிலை இறங்கேக்கையே கத்தினன். "எழும்படி! ஐயரே சொல்லிப்போட்டார். மூண்டு நாள்தானாம். எப்பவோ கழிஞ்சுபோச்சு. வா, இண்டைக்கே போவம்."

அவள் எழும்பேல்லை. "அது ஐயற்றை கணக்கு" எண்டாள்.

"எடி விசரி, துடக்கு ஐயர் சொல்லுறதோ நீ சொல்லுறதோ?"

"செத்தவீட்டுக்கு நான் போகேல்லை, பிலோமினா. வாய்க்கரிசி போடேல்லை. போனிலை அவன்ர முகத்தைக் கிட்டக் காட்டினவை. அதோட படம் நிண்டுபோச்சு. செத்தவன்ர முகம்தானே, படம் நிண்டிட்டுதோ ஓடுதோ எண்டுகூட எனக்குத் தெரியேல்லை. கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தனான். பிறகு மருமோள் வந்துதான், மாமி, லைன் கட்டாப் போச்சு எண்டாள். அந்தநேரம் அங்கை கொள்ளி வைச்சு முடிஞ்சுது." அவளின்ர குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. "நான் அவனுக்கெண்டு செய்யிறது இது ஒண்டுதான். இதையும் விடச் சொல்லுறியோ?"

"பாத்தி போகுமடி."

"தெரியும்." கழுத்திலை கிடந்த திறப்பைக் கையுக்குள்ளை பொத்திப் பிடிச்சிருந்தாள். "போனால் நான் திரும்ப இந்தச் சுவரைத்தான் பார்க்கவேணும். அதுவும் தெரியும்."

எனக்கு அழுகையும் கொதியும் ஒண்டாய் வந்தது. படியேறி வந்திட்டன்.

சனிக்கிழமை விடியவே நான் படலையைத் திறந்து, பின்னாலை பூட்டிப்போட்டு உள்ளுக்குப் போனன். தோட்டத்திலை ஒரு குருவி இல்லை. கொமிட்டி வாறது பத்து மணிக்கு. என்ர பாத்தியும் போனால் போகட்டும், மாதா பார்த்துக்கொள்ளட்டும் எண்டு அவளின்ர பாத்திக்குள்ளை இறங்கினன். பக்ரறி சிமெந்திலை நிண்டு நிண்டு என்ர முழங்கால் எப்பவோ கதை முடிஞ்ச முழங்கால். குந்தேலாது. குனிஞ்சு குனிஞ்சுதான் இழுத்தன். விடிஞ்சு கொஞ்ச நேரத்திலையே வெய்யில் முதுகிலை சுட்டுது. புல்லு வேரோட வராமல் கையோட அறுந்து அறுந்து வந்தது.

"அதைப் பிடுங்காதை, அது பொன்னாங்காணி!"

திடுக்கிட்டுப்போனன். வேலிக்கு வெளியிலை புஷ்பவதி. வெள்ளைச் சீலை, சப்பாத்து, கம்பி வலையை ரெண்டு கையாலையும் பிடிச்சபடி.

"வந்தனியெண்டால் உள்ளுக்கு வா!"

"வரமாட்டன். உன்னை ஆர் இதிலை இறங்கச் சொன்னது? அவை கண்டால் உன்ர பாத்தியும் போம். வெளியிலை வா."

"வரமாட்டன்."

"பிலோமினா!"

"நீயும் வரமாட்டாய், நானும் வரமாட்டன். சும்மா வாயைப் பார்க்காமல் எது புல்லு, எது கீரை எண்டு சொல்லு."

வலைக்குள்ளாலை விரலை நீட்டினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். இடப்பக்கம், அதில்லை, அதுக்குப் பின்னாலை, மெல்லமாய் இழு. இப்பிடியே ரெண்டு பேரும் வேலிக்கு இஞ்சாலும் அங்காலும் சண்டை பிடிச்சுப் பிடிச்சு முக்கால்வாசிப் பாத்தி துப்புரவாய்ப்போச்சு. பந்தல்தான் மிச்சம். மேலை ஏறிக் கிடந்த சுத்துக்கொடி எனக்கு எட்டேல்லை. வாளியைக் கவிட்டு வைச்சு அதுக்கு மேலை ஏறினன்.

"ஏறாதை! உன்ர முழங்கால்!"

"உன்ர வாயை மூடு" எண்டது நினைவிருக்கு. அடுத்தது வாளி சறுக்கினது. பந்தலைப் பிடிச்சன், பந்தலும் என்னோடையே வந்தது. நான் மல்லாக்க விழுந்தன். முழங்கால் மடிஞ்சு எனக்குக் கீழை போச்சு, ஹொக்கித் தடி ரெண்டு வந்து நெஞ்சிலை விழுந்துது. "மாதாவே!" எண்டு நான் கத்தின கத்தலிலை எனக்கே பயம் வந்தது. எழும்பப் பார்த்தன். ஏலேல்லை. காலை அசைச்சால் உயிர் போச்சுது. மூஞ்சைக்கு நேரை வெய்யில்.

"ஆராவது வாங்கோ! ஆராவது வாங்கோ!" புஷ்பவதி வேலியைப் பிடிச்சு உலுப்பிறது கேட்டுது. தோட்டத்திலை ஆரிருக்கினம்? றோட்டிலையும் ஒருதரும் இல்லை. பிறகு அந்தச் சத்தம் நிண்டுபோச்சு. வலைக்கு அங்காலை அவள் படலைப் பக்கம் ஓடுறது தெரிஞ்சுது. அவள் ஓடி நான் கண்டதில்லை.

அப்பதான் எனக்கு விளங்கிச்சுது அவள் என்ன செய்யப்போறாள் எண்டு. இவ்வளவு நாளும் வா வா எண்டு தொண்டை கிழியக் கத்தினவள் நான். இப்ப கிடந்தபடியே கத்துறன், "வராதையடி! வராதை! எனக்கு ஒண்டும் இல்லை. ஆராவது வருவினம், நான் கிடக்கிறன். இன்னும் ஒரு கிழமைதானே, வராதை!"

கழுத்துக் கயித்தை இழுத்துத் திறப்பை எடுத்தாள். திறப்பு பூட்டிலை பட்டுப் பட்டுத் தவறிச்சுது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுது. பிறகு படலை திறந்தது.

தடியளைத் தூக்கி எறிஞ்சாள். என்ர கக்கத்துக்குள்ளை கையைக் குடுத்து, "மூச்சை விடு, இப்ப எழும்பு" எண்டு என்னைத் தூக்கி இருத்தினாள். அவளின்ர உடம்புக்கு அந்தப் பலம் எங்காலை வந்ததோ தெரியாது. வாளியைத் திரும்பக் கவிட்டு அதிலை குந்தவைச்சு, சீலைத் தலைப்பைக் கிழிச்சுத் தண்ணியிலை நனைச்சு முழங்காலிலை சுத்தினாள். கால் முறியேல்லை, பிரண்டு போச்சு. அதுக்குப் பிறகு நிமிர்ந்து சரிஞ்சு கிடந்த பந்தலைப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்பிடியே மண்ணிலை முழங்கால் போட்டாள். தடியளை நிமித்தி நட்டாள். சுத்துக்கொடியைப் பிடிச்சு அறுத்தாள். அறுக்க அறுக்கத்தான் அந்த அழுகை வந்தது. "தம்பி, என்ர தம்பி, கிணத்தடியிலை கிடந்தியேடா, தூக்க ஆளில்லாமல் கிடந்தியேடா" எண்டு வாய்விட்டுக் கத்தி அழுதுகொண்டு, ரெண்டு கையாலையும் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி எறியிறாள். நானும் வாளிக்கு மேலை இருந்து அழுதன். என்ர கால் நோவுக்கு அழுததெண்டு நினைச்சால் நினைச்சுக்கொள்ளுங்கோ.

பத்து மணிக்கு ஜினெத் வந்தா, பின்னாலை கொமிட்டியிலை இன்னும் ரெண்டு பேர். பாத்தியிலை ஒரு புல்லில்லை. பாத்திக்காரி மண்ணுக்குள்ளை முழங்காலிலை நிண்டு கண்ணீர் வடிய வடியப் பந்தல் கட்டுறாள். ஜினெத் மூலைக் கட்டையிலை இருந்த மஞ்சள் அட்டையை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள்ளை வைச்சா. பிறகு எனக்குக் கிட்ட வந்து காதுக்குள்ளை சொன்னா, "பார்த்தியோ பிலோமேன், நான் சொன்னனான்தானே, தோட்டம்தான் மருந்து."

அந்த வாளியாலையே ஒண்டு போட்டிருப்பன். "வீ, மடம்" எண்டு பிரெஞ்சிலை ஓம் போட்டன்.

பாத்தி தப்பிச்சுது எண்டு எனக்குச் சந்தோசப்படவும் தெரியேல்லை. ஜினெத் கொட்டிலுக்குப் போக, புஷ்பவதி சீலையிலை கையைத் துடைச்சுக்கொண்டு பின்னாலை போறதைக் கண்டன். திரும்பி வந்து கழுத்துக் கயித்தைக் கழட்டி என்ர தலைக்கு மேலாலை போட்டுவிட்டாள். திறப்பு அவளின்ர உடம்புச் சூட்டோட என்ர நெஞ்சிலை விழுந்தது.

"என்னடி இது?"

"இனி ஒரு மாசத்துக்குப் பாத்தியை நீ பார்ப்பாய் எண்டு ஜினெத்திட்டைச் சொல்லிப்போட்டன். உள்ளுக்கு வந்தது வந்திட்டன், செய்யிறதைச் சரியாய்ச் செய்வம். துடக்கு முறிஞ்சுபோச்சு. நான் நாளையிலையிருந்து திரும்ப எண்ணவேணும்."

"திரும்பவோ? முதலிலையிருந்தோ? உனக்கென்ன விசரோ?"

"ஓம்" எண்டாள். "காயெல்லாம் நீ கொண்டுபோ. திறப்பை மட்டும் திருப்பித் தா. அது என்ர."

படலையாலை வெளியிலை போய் அதைச் சாத்தினாள். நான் நொண்டி நொண்டி வேலி வரைக்கும் போனன். கேக்காமல் இருக்க எனக்கு ஏலேல்லை. "தம்பிக்குச் செய்யிறதை ஆருக்காகவும் விடமாட்டன் எண்டு இருந்தனி. பேந்தேன் வந்தனி? நான் வராதை எண்டு கத்தினனான்தானே."

கம்பி வலைக்கு அங்காலை நிண்டு என்ர காலைப் பார்த்தாள். "அவன் விழேக்கை நான் பக்கத்திலை இல்லை, பிலோமினா. நீ விழேக்கை நிண்டனான்" எண்டாள். "போய்க் காலுக்கு ஐஸ் வை."